நீண்டகாலக் கருத்தடை: உங்களுக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கருத்தடை என்று பேச்சை எடுத்தாலே முதலில் வரும் கேள்வி, "இருப்பதிலேயே நல்லது எது?" என்பதுதான். கேள்வியில் தவறில்லை. ஆனால் நீண்டகால முறைகளில் அந்தக் கேள்வியை வைத்து ஒரு முடிவுக்கு வர முடியாது. கருப்பைக்குள் வைக்கும் சிறு சாதனமான லூப் (தாமிரம் உள்ள காப்பர் டி, ஹார்மோன் விடும் ஹார்மோன் லூப் என இரண்டு வகை), கையில் தோலுக்கடியில் வைக்கும் ஹார்மோன் குச்சியான இம்பிளான்ட், ஆணுக்கோ பெண்ணுக்கோ செய்யும் ஆபரேஷன் என எதை எடுத்தாலும், கர்ப்பத்தைத் தடுக்கும் திறனில் எல்லாம் ஏறக்குறைய ஒரே வரிசைதான். இவை பெரிதும் வேறுபடுவது இரண்டு விஷயங்களில். ஒன்று, உங்கள் மாதவிடாயை அது என்ன செய்யும். இரண்டு, வேண்டாம் என்று தோன்றும் நாளில் அதை எப்படி நிறுத்துவது. இந்த இரண்டையும் முன்கூட்டியே கேட்காமல் விட்டவர்கள்தான் பெரும்பாலும் நாலைந்து மாதத்தில், "எடுத்துவிடுங்கள் டாக்டர்" என்று திரும்பி வருகிறார்கள்.

அதனால் இந்த வழிகாட்டி முழுக்க அந்த இரண்டு கேள்விகளைச் சுற்றியே போகும். மருத்துவரின் பரிசோதனைக்கு இது மாற்று இல்லை. அவர் முன்னால் உட்காரும்போது எதைக் கேட்பது என்று தெரிந்து உட்காருவதற்காக இது.

படி 1: எண்களை ஒரே ஒரு முறை பாருங்கள்

ஒரு வருடம் மாத்திரையை நம்பியிருக்கும் 100 பெண்களில் சுமார் 7 பேருக்குக் கர்ப்பம் தரிக்கிறது. ஆணுறையில் அது சுமார் 13. மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் ஊசியில் சுமார் 4. இவையெல்லாம் அன்றாட வாழ்க்கையில் மறதியோடும் தவறோடும் சேர்த்துக் கணக்கிட்ட எண்கள். ஒரு நாள்கூடத் தவறாமல் பயன்படுத்தினால் மாத்திரையும் மிக நன்றாகவே வேலை செய்யும். ஆனால் வருடம் முழுக்க அப்படி இருப்பது எத்தனை பேரால் முடியும்?

நீண்டகால முறைகளுக்கு வந்தால் 100 பேரை எண்ணிப் பயனில்லை, 1000 பேரை எண்ண வேண்டும். காப்பர் டி-யில் முதல் வருடத்தில் 1000 பேருக்கு சுமார் 8 கர்ப்பம். ஹார்மோன் லூப்பில் அதன் மருந்தளவைப் பொறுத்து 1 முதல் 4 வரை. இம்பிளான்ட்டில் ஒன்று. பெண்களுக்கான ஆபரேஷனில் சுமார் 5, ஆண்களுக்கான வாசக்டமியில் ஒன்றோ இரண்டோ. கவனித்தீர்களா, நிரந்தரமான ஆபரேஷனைவிட, நினைத்தால் எடுத்துவிடக்கூடிய இம்பிளான்ட் ஒரு படி மேலேயே நிற்கிறது. "உறுதியாக இருக்க வேண்டுமென்றால் ஆபரேஷன்தான்" என்று இன்னமும் பலர் நினைப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 2007-இல் தொடங்கிய ஓர் ஆய்வில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு எல்லா முறைகளையும் விளக்கி, அவர்கள் விரும்பியதை இலவசமாகக் கொடுத்தார்கள். மாத்திரை, தோலில் ஒட்டும் ஹார்மோன் பேட்ச், பிறப்புறுப்புக்குள் வைக்கும் ஹார்மோன் வளையம் பயன்படுத்தியவர்களுக்கு லூப், இம்பிளான்ட் வைத்தவர்களைவிடச் சுமார் 20 மடங்கு அதிகமாக எதிர்பாராத கர்ப்பம் வந்தது. லூப், இம்பிளான்ட் வைத்தவர்களில் ஒரு வருடம் கழித்தும் 100-க்கு 85-க்கும் மேற்பட்டோர் அதையே தொடர்ந்தார்கள். மற்றவர்களில் தொடர்ந்தது பாதிக்குச் சற்று மேல்.

எண்கள் இவ்வளவு போதும். இனி 8-க்கும் 1-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு குழம்ப வேண்டாம். மற்றவற்றைப் பார்ப்போம்.

படி 2: எத்தனை வருடம் என்று உங்களையே கேளுங்கள்

மூன்று பதில்களில் ஏதோ ஒன்று உங்களுடையதாக இருக்கும். அடுத்த ஒன்றிரண்டு வருடத்தில் குழந்தை வேண்டும். எப்போதோ வேண்டும், இப்போது தெரியாது. இனி வேண்டவே வேண்டாம்.

முதல் பதில் என்றால் ஊசியை யோசித்துத்தான் தொட வேண்டும். கடைசி ஊசிக்குப் பிறகு கரு தரிக்கும் தன்மை திரும்ப சராசரியாக ஒன்பது, பத்து மாதம் ஆகிறது. சிலருக்கு அதற்கும் மேல். ஊசி உடலில் கேடு எதையும் விட்டுவைப்பதால் அல்ல. மருந்து தசையிலிருந்து மெதுவாகக் கரைவதால். லூப்போ இம்பிளான்ட்டோ அப்படியில்லை. எடுத்த மாதமே கரு தரிக்கலாம். "லூப் வைத்தால் பிறகு குழந்தை நிற்காது" என்ற பயம் வெகு காலமாக ஊரெங்கும் சுற்றுகிறது. அதற்கு ஒரு காரணமும் உண்டு. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் டால்கன் ஷீல்டு என்ற ஒரு லூப்பை விற்றார்கள். எடுப்பதற்காகக் கருப்பை வாய்க்கு வெளியே தொங்கும் அதன் நூல் பல இழைகளைச் சேர்த்துச் செய்தது. அந்த இழைகளின் இடுக்கு வழியே கிருமிகள் கருப்பைக்குள் ஏறின. பல பெண்களுக்குக் கடுமையான தொற்று வந்தது, சிலர் கரு தரிக்கும் வாய்ப்பையே இழந்தார்கள், சிலர் இறந்தும் போனார்கள். 1974-இல் அதன் விற்பனை நின்றது. இன்றைய லூப்புகளில் இருப்பது ஒற்றை இழை நூல். பொருத்திய முதல் மூன்று வாரங்களில் மட்டும் தொற்று அபாயம் சற்றுக் கூடுதல். அதன் பிறகு லூப் இல்லாதவர்களுக்கு இருக்கும் அளவுதான். குழந்தை பெறாதவர்களும் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் பதில்தான் பெரும்பாலானவர்களுடையது. அவர்களுக்கு 5, 8, 10 வருடம் என்று நீளும் முறைகள் கச்சிதமாகப் பொருந்தும். 10 வருடக் காப்பர் டி என்றால் 10 வருடம் வைத்தே ஆக வேண்டும் என்று பொருளில்லை. ஒன்றரை வருடத்தில் எடுக்கலாம், யாரும் கேள்வி கேட்க முடியாது.

மூன்றாம் பதில் சொல்பவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பெண்களுக்கான ஆபரேஷன் பற்றி அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், 30 வயதுக்குள் செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அடுத்த 14 வருடங்களுக்குள் வருத்தப்பட்டார். 30-ஐத் தாண்டிச் செய்தவர்களில் அது 100-க்கு 6 பேர்தான். நீங்கள் உறுதியாக இருந்தால் அதில் தலையிட யாருக்கும் உரிமையில்லை, என் எண்ணமும் அதுவே. ஆனால் உறுதி என்பது நல்ல நாளில், அமைதியாக, தனியாக யோசித்து எடுத்ததா என்று பாருங்கள். பிரசவ வலியின் நடுவில் நீட்டப்படும் காகிதத்தில் போடும் கையெழுத்தோ, வீட்டில் மற்றவர்கள் பேசி முடித்ததற்குத் தலையாட்டுவதோ உறுதி ஆகாது.

படி 3: மாதவிடாயை வைத்து முடிவெடுங்கள்

எல்லாப் படிகளிலும் இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும் என்பேன்.

முதலில் இப்போதைய நிலையை எழுதுங்கள். எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது, எத்தனை நாள் இருக்கிறது, அதிகம் போகும் நாளில் எத்தனை முறை நாப்கின் மாற்றுகிறீர்கள், கட்டி கட்டியாகப் போகிறதா, வலி எப்படி, ஹீமோகுளோபின் எவ்வளவு. அப்புறம் இன்னொரு கேள்வி: மாதாமாதம் வருவதை நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்? வராவிட்டால் நிம்மதியா, பதற்றமா? வந்தால்தான் கர்ப்பம் இல்லை என்று மனது ஒப்புக்கொள்ளுமா?

காப்பர் டி-யில் ஹார்மோன் இல்லை. கருமுட்டை வெளியாவதையும் மாதச் சுழற்சியையும் அது தொடாது. தாமிர அயனிகள் கருப்பைக்குள் பரவி, விந்தணு நகரவிடாமல், முட்டையைச் சேரவிடாமல் செய்கின்றன. ஆக, மாதவிடாய் மாதாமாதம் வரும். ஆனால் கூடுதலாக வரும். முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில் உதிரப்போக்கும் வலியும் அதிகம், பிறகு பலருக்குக் குறைகிறது. ஏற்கெனவே ஐந்து நாள், மிதமான போக்கு, வலி இல்லை என்பவர்கள் இதைத் தாங்கிவிடுவார்கள். ஏற்கெனவே ஏழெட்டு நாள் நனைந்து, இரத்த சோகையோடு மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவருக்கு இது நல்ல தேர்வு இல்லை. "எல்லாருக்கும் இதைத்தான் வைக்கிறோம்" என்று யாராவது சொன்னால், உங்கள் ஹீமோகுளோபின் எண்ணைச் சொல்லி நிறுத்துங்கள்.

ஹார்மோன் லூப் நேர் எதிர். அது லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோனைக் கருப்பைக்குள்ளேயே சிறிது சிறிதாக விடுகிறது. 52 மில்லிகிராம் உள்ளதில் தொடக்கத்தில் ஒரு நாளைக்குச் சுமார் 20 மைக்ரோகிராம். கருப்பை வாயிலுள்ள சளி கெட்டியாகி விந்தணுவைத் தடுக்கிறது. கருப்பையின் உட்சவ்வு மெலிந்துபோகிறது. முதல் மூன்று முதல் ஆறு மாதம் அவ்வப்போது சொட்டுச் சொட்டாகப் படும், எரிச்சலாகத்தான் இருக்கும். அதன் பிறகு போக்கு வெகுவாகக் குறையும். ஒரு வருடத்தில் ஐந்தில் ஒருவருக்கு முழுதாகவே நின்றுவிடும். அதிக உதிரப்போக்குக்கே மருந்தாக இதை வைக்கிறார்கள், ஆபரேஷன் வரை போக இருந்த பலருக்கு இதுவே போதுமானதாகிவிடுகிறது.

இங்கே ஒரு பயத்தைப் பேசியாக வேண்டும். "மாதவிடாய் வரவில்லை என்றால் கெட்ட இரத்தம் உள்ளேயே தங்கிவிடாதா?" தங்காது. மாதாமாதம் வெளியேறுவது, கருவுக்காக வளர்ந்து, கரு வராததால் உதிரும் சவ்வு. ஹார்மோன் லூப் அந்தச் சவ்வை வளரவிடுவதில்லை. வளராததால் உதிர ஒன்றுமில்லை. லூப்பை எடுத்ததும் மறுபடி வளரும், மறுபடி வரும்.

இம்பிளான்ட்டில்தான் முன்கூட்டியே சொல்வது கடினம். சிலருக்கு நின்றுவிடுகிறது, ஐந்தில் ஒருவருக்கு அப்படி. சிலருக்குக் குறைகிறது. சிலருக்கு வாரக்கணக்கில் விட்டு விட்டுப் படுகிறது. யாருக்கு எது என்று வைப்பதற்கு முன் எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. இம்பிளான்ட்டைச் சீக்கிரமே எடுத்துவிடுபவர்கள் சொல்லும் காரணங்களில் முதலிடம் இதற்குத்தான். உடலுக்கு ஆபத்தில்லை என்று தெரிந்தாலும், எப்போது படும் என்று தெரியாமல் வேலைக்குப் போவது எத்தனை சலிப்பு என்பது அனுபவித்தவர்களுக்கே தெரியும். அந்த நிச்சயமின்மை உங்களால் முடியாது என்றால் இம்பிளான்ட்டை ஒதுக்கிவிடலாம், அதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

ஊசியும் முதல் மாதங்களில் தாறுமாறாகப் படவைத்து, ஒரு வருடத்தில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு மாதவிடாயை நிறுத்திவிடுகிறது. ஆபரேஷன்கள் மாதவிடாயைத் தொடுவதில்லை.

படி 4: உடல்நிலையைப் பொருத்திப் பாருங்கள்

உலக சுகாதார நிறுவனம் ஒவ்வொரு முறைக்கும் ஒவ்வொரு உடல்நிலைக்கும் 1 முதல் 4 வரை வகை பிரித்து வைத்திருக்கிறது. 1 என்றால் தாராளமாக வைக்கலாம். 2 என்றால் பொதுவாக வைக்கலாம். 3 என்றால் வேறு வழி இல்லாதபோது மட்டும். 4 என்றால் கூடவே கூடாது. "என் உடல்நிலைக்கு இந்த முறை எந்த வகையில் வருகிறது டாக்டர்?" என்று கேளுங்கள். ஐந்து நிமிடப் பேச்சை இது சரியான இடத்துக்குக் கொண்டுவந்துவிடும்.

மார்பகப் புற்றுநோய் இப்போது இருந்தால் எந்த ஹார்மோன் முறையும் கூடாது; காப்பர் டி மட்டும் ஆகும். காரணம் தெரியாத உதிரப்போக்கு இருந்தால் முதலில் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், அதுவரை லூப் வேண்டாம். இடுப்புப் பகுதியில் தொற்றோ, பால்வினை நோய்த்தொற்றோ இப்போது இருந்தாலும் முதலில் சிகிச்சை, பிறகுதான் லூப். நார்த்திசுக் கட்டி கருப்பையின் உள்வடிவத்தையே மாற்றியிருந்தால் லூப் சரியாக உட்காராது; ஸ்கேனில் கட்டி எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேளுங்கள். வெளிச்சுவரில் இருக்கும் சிறு கட்டி தடையில்லை.

மருந்துகளை மறக்காமல் சொல்லுங்கள். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான கார்பமசெபின், ஃபெனிடாயின், எச்ஐவி மருந்தான எஃபாவிரென்ஸ் போன்றவை இம்பிளான்ட்டின் ஹார்மோனை ஈரலில் வேகமாக உடைத்துத் தள்ளிவிடும். இம்பிளான்ட் கையில் இருந்தும் கர்ப்பம் தரித்ததற்கு இது ஒரு காரணம். இந்த மருந்துகள் எடுப்பவர்களுக்கு இரண்டு வகை லூப்பும் பொருந்தும், ஏனென்றால் அவை கருப்பைக்குள்ளேயே வேலை செய்கின்றன.

கண்ணில் மின்னல் போல் தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலி, உயர் இரத்த அழுத்தம், 35 வயதுக்கு மேல் புகைப்பழக்கம் என்று ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கலந்த மாத்திரை மறுக்கப்பட்டவர்கள் நிறைய பேர். லூப்பிலும் இம்பிளான்ட்டிலும் ஈஸ்ட்ரோஜன் இல்லை. அவர்களில் பெரும்பாலோருக்கு இவை திறந்த கதவு.

குழந்தை பெற்றவர்களுக்குத் தனிக் கணக்கு. காப்பர் டி-யைப் பிரசவமான 48 மணி நேரத்துக்குள் வைக்கலாம், இல்லையென்றால் 4 வாரம் காத்திருக்க வேண்டும். உடனே வைத்தால் தானாக வெளியே வந்துவிடும் வாய்ப்பு கூடுதல், அதற்காகத் தவிர்க்க வேண்டியதில்லை, பிறகு சோதித்துக்கொண்டால் போதும். தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு லூப்பும் இம்பிளான்ட்டும் தடையில்லை. ஊசியை மட்டும் 6 வாரம் தள்ளிப்போடுவது நல்லது. ஊசியைப் பற்றி இன்னொன்று: அது இருக்கும்வரை எலும்பின் அடர்த்தி சற்றுக் குறையும், நிறுத்தியதும் பெரும்பாலும் திரும்பும். சிலருக்கு எடை கூடும்.

இதில் எந்த முறையும் பால்வினை நோய்களைத் தடுக்காது. அதற்கு ஆணுறைதான்.

படி 5: ஆபரேஷன் என்றால் யாருக்கு என்று பேசுங்கள்

இருவரும் சேர்ந்து, இனி குழந்தை வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பேச்சு ஏனோ நேராகப் பெண்ணின் ஆபரேஷனில் போய் நிற்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பெண்ணுக்கு வயிற்றைத் திறக்க வேண்டும், கேமரா குழாய் விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி என்றாலும் துளை போட வேண்டும். மயக்க மருந்து வேண்டும். அரிதாகத் தவறினால், அந்தக் கர்ப்பங்களில் மூன்றில் ஒன்று கருக்குழாயிலேயே தங்கிவிடுகிறது, அது உயிருக்கு ஆபத்து.

ஆணுக்கு விதைப்பையின் தோல் மட்டும் மரத்துப்போக ஒரு ஊசி. கத்தியில்லா முறையில் ஒரு சிறு துளை வழியே விந்துக்குழாயை வெளியே எடுத்து, வெட்டி, அடைத்து, உள்ளே விட்டுவிடுகிறார்கள். தையல்கூடத் தேவைப்படுவதில்லை. சுமார் இருபது நிமிட வேலை, அன்றே வீட்டுக்குப் போகலாம். இந்தக் கத்தியில்லா முறையை 1974-இல் சீனாவின் லி ஷுன்சியாங் என்ற அறுவை மருத்துவர் உருவாக்கினார். சில நாள் வலியும் வீக்கமும் இருக்கும். சிலருக்கு வலி நீண்டு நிற்பதும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஆனால் ஆண் ஹார்மோன் விதையிலிருந்து நேராக இரத்தத்தில் கலப்பது, அந்தக் குழாய் வழியே போவதில்லை. ஆசையும் எழுச்சியும் முன்பு போலவே இருக்கும். வெளிப்படும் நீரின் அளவுகூடக் கண்ணுக்குத் தெரியும்படி குறையாது, விந்தணு அதில் மிகச் சிறு பங்குதான்.

ஒன்றை மட்டும் தவறவே விடக்கூடாது. வாசக்டமி அன்றே பலன் தராது. குழாயில் ஏற்கெனவே இருக்கும் விந்தணுக்கள் வெளியேற மூன்று மாதம் ஆகும். அதன் பிறகு விந்துப் பரிசோதனை செய்து, "இல்லை" என்று அறிக்கை கையில் வரும்வரை வேறு கருத்தடை வேண்டும். பரிசோதனைக்குப் போகாமல் விட்டதால் வந்த கர்ப்பங்கள், பெண் மீது வீண் சந்தேகமாக மாறிய குடும்பங்கள் உண்டு. அந்த ஒரு அறிக்கை அவ்வளவு முக்கியம்.

திரும்ப இணைக்கும் ஆபரேஷன் இருக்கிறது என்பதை வைத்து இருவரில் யாரும் முடிவெடுக்காதீர்கள். செலவு அதிகம், பலன் நிச்சயமில்லை, வருடம் போகப் போக வாய்ப்பும் குறையும்.

படி 6: மருத்துவரிடம் போகும் முன்

கடைசி மாதவிடாய்த் தேதி, எடுக்கும் மருந்துகள், முன்பு பட்ட தொந்தரவுகள், இரண்டு முறைகளின் பெயர்கள், இவ்வளவையும் எழுதி எடுத்துப்போங்கள். இரண்டு என்பது முக்கியம். முதலாவது உங்களுக்கு ஒத்துவராது என்று மருத்துவர் சொன்னால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை.

கேட்க வேண்டியவை இவை. நீங்கள் வைக்கும் லூப் எத்தனை வருடத்துக்கு? காப்பர் டி என்ற ஒரே பெயரில் 3, 5, 10 வருட வகைகள் இருக்கின்றன. 52 மில்லிகிராம் ஹார்மோன் லூப், மிரீனா போன்றது, இப்போது 8 வருடம் வரை கருத்தடைக்கு ஏற்கப்பட்டிருக்கிறது. குறைந்த மருந்தளவு உள்ளவை 3 அல்லது 5 வருடம். இம்பிளான்ட் வகைக்கேற்ப 3 அல்லது 5. அடுத்து, இந்த இடத்தில் வைப்பதுபோல் எடுக்கவும் செய்வார்களா, எடுக்க எவ்வளவு ஆகும்? வைக்கும்போது வலிக்கு என்ன தருவீர்கள்? இடையில் வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் வரலாமா? கடைசிக் கேள்விக்குத் தயங்கிப் பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். எடுக்கச் சொல்லும் உரிமை உங்களுடையது.

மாதவிடாய் ஓடும்போதுதான் லூப் வைக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கர்ப்பம் இல்லை என்று உறுதியானால் எந்த நாளும் ஆகும். காப்பர் டி வைத்த நிமிடத்திலிருந்து காக்கும். பாதுகாப்பில்லாத உறவுக்குப் பிறகு 5 நாளுக்குள் வைத்தால் அந்தக் கர்ப்பத்தையும் தடுத்துவிடும். ஹார்மோன் லூப்பையும் இம்பிளான்ட்டையும் மாதவிடாயின் முதல் சில நாட்களில் வைத்தால் உடனே பலன், தள்ளி வைத்தால் 7 நாள் ஆணுறை சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 7: பொருத்தும் நாள்

தெரியாததுதான் பயத்தைப் பெரிதாக்குகிறது, அதனால் நடப்பதை அப்படியே சொல்கிறேன். வெறும் வயிற்றோடு போகாதீர்கள்.

லூப் என்றால், முதலில் மருத்துவர் கையால் உள்பரிசோதனை செய்து, கருப்பை முன்பக்கம் சாய்ந்திருக்கிறதா பின்பக்கமா என்று பார்ப்பார். அப்புறம் பிறப்புறுப்பை விரித்துப் பிடிக்கும் ஸ்பெகுலம் என்ற கருவியை வைத்துக் கருப்பை வாயைப் பார்த்து, மருந்தால் துடைப்பார். இதுவரை குளிர்ச்சியும் அழுத்தமும் மட்டும்தான். இனி வலிக்கக்கூடியவை மூன்று தருணங்கள். கருப்பை அசையாமலிருக்க அதன் வாயை ஒரு கருவியால் பிடிக்கும்போது ஒரு சுருக்கு வலி. மெல்லிய கம்பியால் கருப்பையின் ஆழத்தை அளக்கும்போது அடிவயிற்றைப் பிடித்து இழுக்கும் வலி. ஆழம் பெரும்பாலும் 6 முதல் 9 சென்டிமீட்டர் இருக்கும். பிறகு லூப் மடிந்திருக்கும் குழலை உள்ளே விட்டு, கைகள் விரிய விடும்போது இன்னொரு முறை அதே வலி. குழல் வெளியே வந்துவிடும், நூலை 3 சென்டிமீட்டர் போல விட்டு வெட்டிவிடுவார்கள். மொத்தம் ஐந்து, பத்து நிமிடம்.

சிலருக்கு இது கொஞ்சம்தான் வலிக்கும். சிலருக்கு, குறிப்பாகப் பிரசவம் ஆகாதவர்களுக்கு, நன்றாகவே வலிக்கும். "அவ்வளவுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லப்படுவதை நான் ஏற்கவில்லை. கருப்பை வாயைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போடலாம், களிம்போ ஸ்பிரேயோ உண்டு. முன்கூட்டியே கேளுங்கள். வலி தாங்கவில்லை என்றால் நிறுத்தச் சொல்லலாம். முடிந்ததும் சட்டென்று எழாதீர்கள், சிலருக்குத் தலை சுற்றும். பத்து நிமிடம் படுத்திருந்து எழுங்கள். அன்று மாலை வரை பிடிப்பு வலி இருக்கும், ஐபுபுரோஃபென் போன்ற மாத்திரையும் வெந்நீர்ப் பையும் உதவும்.

இம்பிளான்ட் இதைவிட எளிது. நீங்கள் அதிகம் பயன்படுத்தாத கையில், முழங்கைக்கு மேலே உட்பக்கம், ஒரு மரப்பு ஊசி. பிறகு 4 சென்டிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் தடிமன், அதாவது ஒரு தீக்குச்சி அளவுள்ள குச்சியைத் தோலுக்குச் சற்றுக் கீழே நுழைத்துவிடுவார்கள். ஓரிரு நிமிடம்தான். கிளம்பும் முன் உங்கள் விரலால் தொட்டு, குச்சி தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். தட்டுப்படவில்லை என்றால் அங்கேயே சொல்லுங்கள். ஆழமாகப் போயிருந்தால் பிறகு எடுப்பது சிரமம். ஒருவேளை குச்சி உள்ளே போகவே இல்லை என்றால் உங்களுக்குக் கருத்தடையே இல்லை. எடுக்கும் தேதி எழுதிய அட்டையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 8: முதல் ஆறு மாதம்

லூப் தானாக நழுவி வெளியே வருவது 20 பேரில் ஒருவருக்கு நடக்கிறது, பெரும்பாலும் முதல் சில மாதங்களில், அதுவும் மாதவிடாயின்போது. அதனால் மாதவிடாய் முடிந்ததும் கையைக் கழுவி, விரலை உள்ளே விட்டு நூல் தட்டுப்படுகிறதா என்று பார்க்கலாம். நூலின் நுனி மட்டும் தெரிய வேண்டும். கெட்டியான பிளாஸ்டிக் முனை பட்டால், அல்லது நூலே காணவில்லை என்றால், ஆணுறை பயன்படுத்திக்கொண்டு ஸ்கேனுக்குப் போங்கள். உறவின்போது துணைக்கு நூல் குத்துகிறது என்றால் சுருக்கி வெட்டச் சொல்லலாம். லூப் கருப்பைச் சுவரைத் துளைப்பது ஆயிரத்தில் ஒருவருக்கு நேரலாம், தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களில் வைத்தால் அந்த வாய்ப்பு சற்றுக் கூடுதல்.

உதிரம் படும் நாட்களைக் காலண்டரில் குறித்துவாருங்கள். மூன்றாம் மாதத்தில் "நிற்கவே இல்லை" என்று தோன்றும்போது, முதல் மாதத்தைவிடக் குறைந்திருப்பது குறிப்பைப் பார்த்தால்தான் தெரியும். குறையவில்லை என்றால் அதே காலண்டரை மருத்துவரிடம் காட்டுங்கள், போக்கைக் குறைக்க மருந்து உண்டு.

காத்திருக்கக் கூடாதவை: காய்ச்சலோடு அடிவயிற்று வலி, துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், ஒரு மணி நேரத்தில் நாப்கின் நனையும் அளவுக்குப் போக்கு, காப்பர் டி இருந்தும் மாதவிடாய் தள்ளிப்போவது. கடைசியாகச் சொன்னது நடந்தால் அன்றே கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள். லூப் இருக்கும்போது கர்ப்பம் வருவது அரிது. வந்தால் அது கருக்குழாயில் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஒருபக்க வயிற்று வலி, தோள்பட்டை வலி, மயக்கம் சேர்ந்தால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

படி 9: எடுப்பதும் மாற்றுவதும்

லூப்பை எடுப்பது வைப்பதைவிடச் சுலபம். நூலைப் பிடித்து மெதுவாக இழுத்தால் கைகள் மேல்நோக்கி மடங்கி வந்துவிடும், ஒரு நிமிடம்கூட ஆகாது. வீட்டில் நீங்களே இழுக்காதீர்கள். இம்பிளான்ட்டுக்கு மரப்பு ஊசி போட்டு ஒரு சிறு கீறல் வேண்டும்.

குழந்தைக்காக எடுக்கிறீர்கள் என்றால் காத்திருக்கத் தேவையில்லை, அந்த மாதமே முயலலாம். குழந்தை வேண்டாம், ஆனால் காலம் முடிந்துவிட்டது என்றால், பழையதை எடுத்த அதே அமர்வில் புதியதை வைத்துக்கொள்ளலாம். லூப்பை எடுத்துவிட்டு வேறு முறைக்கு மாறுபவர்கள் மட்டும் எடுப்பதற்கு முந்தைய 7 நாட்கள் ஆணுறை பயன்படுத்த வேண்டும். விந்தணு உடலுக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும் என்பதால், எடுத்த பிறகும் முந்தைய உறவிலிருந்து கரு தரிக்கலாம்.

வயது ஏறிய பிறகு வைப்பவர்களுக்குக் கணக்கு சற்று மாறும். 40 வயதிலோ அதற்குப் பிறகோ வைத்த காப்பர் டி-யை மாதவிடாய் முற்றாக நிற்கும் காலம் வரையிலும், 45-க்கு மேல் வைத்த 52 மில்லிகிராம் ஹார்மோன் லூப்பை 55 வயது வரையிலும் விட்டுவைக்கலாம் என்பது பிரிட்டன் மருத்துவ வழிகாட்டுதல். உங்கள் மருத்துவர் இதை ஏற்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அதன் பிறகு கட்டாயம் எடுத்துவிட வேண்டும். மாதவிடாய் நின்று பல வருடம் கழிந்தால் கருப்பை வாய் சுருங்கி, எடுப்பது கடினமாகும். தொற்றுக்கும் இடம் கொடுக்கும். வைத்த வருடத்தையும் எடுக்க வேண்டிய வருடத்தையும் மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதிவைத்து, வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லிவையுங்கள்.